லிண்டலில் துளை போடலாமா?

திரைச்சீலைக்குக் கம்பி வாங்கி வந்த பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வி எழும். ஜன்னலுக்கு மேலே ஆணி அடித்தால் மற்ற இடங்களில் போல இறங்காது. வளையும், தெறிக்கும், பூச்சு மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயர்ந்து கையில் வரும். 'அங்க லிண்டல் இருக்கு சார், மிஷின் வெச்சுதான் போடணும்' என்பார் கடையிலிருந்து வந்த ஆள். மிஷின் என்றதும் வீட்டில் யாருக்காவது கவலை வந்துவிடும். மேலே இருக்கிற சுவரையே அதுதானே தாங்குகிறது, அதில் போய் ஓட்டை போடலாமா? வாடகை வீடாக இருந்தால் கவலை வீட்டுக்காரருக்கு. அவர் 'ஆணி அடிக்கக் கூடாது' என்று சொல்லித்தான் சாவியே கொடுத்திருப்பார்.

இதில் இரண்டு கட்சி உண்டு. லிண்டலைத் தொடவே கூடாது என்பது ஒன்று. சுண்டுவிரல்கூட நுழையாத துளை என்ன செய்துவிடும் என்பது மற்றொன்று. நியாயம் இரண்டாவது கட்சியிடம்தான் அதிகம். ஆனால் அவர்கள் சொல்வது கம்பி போட்ட கான்கிரீட் லிண்டலுக்கு மட்டுமே பொருந்தும், அதிலும் உள்பக்க முகத்துக்கு மட்டும். லிண்டல் எதனால் ஆனது, அதன் எந்தப் பக்கத்தில் துளை விழுகிறது, மாட்டப்போகிற பொருள் எந்தத் திசையில் இழுக்கும் என்று பார்க்காமல் சொல்கிற பதில் எதுவும் பாதிப் பதில்தான். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். திரைச்சீலைத் துளைக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள், அதே லிண்டலை ஏ.சி. குழாய்க்காகக் குடைகிறபோது பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

லிண்டல் உண்மையில் எவ்வளவு சுமக்கிறது? பலர் நினைப்பதைவிடக் குறைவு. செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றிக் கட்டப்படுவதால், திறப்புக்கு மேலிருக்கும் சுமையின் பெரும்பகுதி வளைவு போலப் பிரிந்து இரு பக்கச் சுவருக்கும் இறங்கிவிடும். மேலே போதிய உயரத்துக்குச் சுவர் இருந்தால், திறப்பின் மேல் முக்கோணமாக நிற்கிற அளவு செங்கல்தான் லிண்டலின் பொறுப்பு. தூண், பீம் எழுப்பிக் கட்டிய அடுக்குமாடிகளில் அதுவும் இல்லை. மேல்தளங்களைப் பீம்கள் வாங்கிக்கொள்கின்றன. லிண்டலுக்கும் பீமின் அடிக்கும் நடுவில் ஒன்றரை அடிச் சுவர் இருக்கும். 4 அடி ஜன்னல், 9 அங்குலச் சுவர் என்று வைத்துக் கணக்கிட்டால் அந்தச் சுவரின் எடை 250 கிலோ சொச்சம். லிண்டலின் சொந்த எடையைச் சேர்த்தாலும் 400 கிலோவைத் தாண்டாது. கீழே கம்பி போட்ட ஆறு அங்குலக் கான்கிரீட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

சுமை தாங்குவதைத் தாண்டி லிண்டலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தூண் இல்லாமல் செங்கல் சுவரே சுமை தாங்கும் வீடுகளில், எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே பட்டையாக லிண்டல் ஓட்டினால் நிலநடுக்கத்தின்போது சுவர்கள் தனித்தனியாகப் பிரிந்து விழாமல் அது கட்டிப் பிடிக்கும். ஐ.எஸ். 4326 என்ற இந்தியத் தர விதித்தொகுப்பு இத்தகைய பட்டைகளைப் பற்றிப் பேசுகிறது. பீடம், கூரை மட்டப் பட்டைகளைக் காட்டிலும் லிண்டல் மட்டப் பட்டைதான் முக்கியம் என்பது பொறியாளர்களின் கணிப்பு. நம் கொத்தனார்கள் நிலநடுக்கத்தை நினைத்துப் போடாவிட்டாலும், 'லிண்டல் சுத்தி ஓட்டிடலாம், செவுரு வெடிக்காது' என்று அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சாதாரண லிண்டலின் உடம்பை ஒருமுறை பார்த்துவிடுவோம். தரையிலிருந்து 7 அடியில் அதன் அடிப்பாகம் இருக்கும். கனம் 6 அங்குலம், அகலம் சுவரின் அகலம். அடியில் இரண்டோ மூன்றோ கம்பிகள், மேலே இரண்டு. பெரும்பாலும் 10 அல்லது 12 மி.மீ. கம்பிகள். அவற்றைச் சுற்றி ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ரிங். கம்பிக்கு வெளியே 20 முதல் 25 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அதைத் தளத்தில் கவரிங் என்பார்கள். இரு பக்கமும் ஆறு அங்குலமாவது சுவர்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுமை ஏறும்போது இந்த உடம்பு மிக லேசாகத் தொய்கிறது. மேல்பாகம் நசுங்கப் பார்க்கிறது, கீழ்பாகம் இழுபடுகிறது. நசுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் சூரன். இழுவை என்று வந்தால் அதன் வலிமை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் கம்பி அடியில் போகிறது. வடிவமைக்கிற பொறியாளர் ஐ.எஸ். 456 சொல்கிறபடி, இழுவைப் பகுதியில் இருக்கும் கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அங்கே எல்லாப் பொறுப்பும் கம்பிக்கு. ஆகவே அந்தப் பகுதிக் கான்கிரீட்டில் ஒரு சிறு துளை விழுந்தால், அவர் நம்பியிருந்த எதுவும் குறைவதில்லை. அளவையும் பார்க்கலாம். லிண்டலின் குறுக்குவெட்டு 230க்கு 150 மி.மீ. அதில் 8 மி.மீ. துளை 40 மி.மீ. ஆழத்துக்குப் போனால் எடுக்கப்படும் பரப்பு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

எனவே கவலை கான்கிரீட்டைப் பற்றியது அல்ல, கம்பியைப் பற்றியது. கம்பி எங்கே இருக்கிறது என்பதும் ஓரளவு ஊகிக்கக்கூடியதுதான். அறைக்குள் நின்று பார்க்கிற முகத்தில், முக்கியக் கம்பிகள் கீழ் ஓரத்தையும் மேல் ஓரத்தையும் ஒட்டி ஓடுகின்றன. நடுவே செங்குத்தாக ரிங்குகள் மட்டும். ஜன்னல் மேல்விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலத்துக்கும் மூன்றரை அங்குலத்துக்கும் நடுவே துளை போட்டால் முக்கியக் கம்பியில் இடிபடும் வாய்ப்பு குறைவு. ரிங்கில் இடித்தால் ஓர் அங்குலம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். விளிம்பை ஒட்டிப் போடாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் வைக்கும் பிளக் விரிகிறபோது பக்கவாட்டில் தள்ளும். ஓரம் அருகில் இருந்தால் மூலை அப்படியே சில்லாகக் கழன்றுவிடும்.

துளை போடும்போது என்ன நடக்கிறது என்பதைக் கிட்டே நின்று கவனித்தால், சுவரின் உள்ளே இருப்பது முழுவதும் தூளில் தெரிந்துவிடும். முதல் 12, 15 மி.மீ.க்கு வெளிர் சாம்பல் நிறத்தில் மணலாகக் கொட்டும். அது பூச்சு. எதிர்ப்பே இருக்காது. அதன்பின் செக்கச்சிவந்த தூள் வந்தால் செங்கல், லிண்டல் அங்கே இல்லை. வெள்ளை மாவாக வந்து, மிஷின் முனையிலிருக்கும் பிட்டு தானாக உள்ளே போனால் ஏ.ஏ.சி. எனும் காற்றூட்டிய கான்கிரீட் பிளாக். சாம்பல் நிறத்தில் மாவுபோல் நைசாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். ஃப்ளை ஆஷ் கல்லின் தூளும் சாம்பல்தான் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. அது கான்கிரீட் போல முரண்டு பிடிக்காது. கான்கிரீட்டில் சட்டென்று பிட்டு நின்ற இடத்திலேயே சுற்றி, வழுக்கிப் பக்கவாட்டில் ஓடப் பார்த்தால் ஜல்லியில் மோதியிருக்கிறது என்று பொருள். விடாமல் பிடித்தால் வழி விடும். தூள் வருவதே நின்று, சத்தம் கணீரென்று மாறி, மிஷின் கையை உதறினால், அது கம்பி. டார்ச் அடித்துப் பார்த்தால் துளையின் அடியில் பளபளவென்று ஒரு கீறல் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கான்கிரீட் பிட்டு எஃகை எளிதில் வெட்டாது, அதன் முனைதான் உடையும். ஒரு கீறலால் லிண்டலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. 'இரும்பு பிட்டு இருக்கு, மாத்திப் போட்டுடுறேன்' என்று யாராவது கிளம்பினால்தான் ஆபத்து.

சென்னைப் பக்கத்தில் பிட்டு சீக்கிரம் மழுங்குகிறது என்று பொருத்துகிறவர்கள் புலம்புவதில் அர்த்தம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பாறைகளில் சார்னோகைட் என்ற வகை உண்டு, மிகக் கடினமானது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறையின் கல்லை ஆராய்ந்து 1893இல் எழுதிய தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். கல் போனது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து. அதே இனத்துக் கல் ஜல்லியாக உடைபட்டு எத்தனையோ லிண்டல்களுக்குள் கிடக்கிறது.

மிஷின்களிலும் வித்தியாசம் உண்டு. வீட்டுக்கென்று வாங்குகிற இம்பேக்ட் டிரில்லில் இரண்டு பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே சுற்றும். தட்டலின் வேகம் அதிகம், பலம் குறைவு. செங்கலுக்குப் போதும். கான்கிரீட்டில் உடம்பின் எடையையெல்லாம் போட்டு அழுத்த வேண்டிவரும், துளையும் வாய் அகன்றுபோகும். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்திச் சம்மட்டிபோல் பிட்டை அடிக்கிறது. பிடித்துக்கொண்டு நின்றால் போதும், நேரான துளை சில நொடிகளில். லிண்டலில் நாலைந்து துளை போட வேண்டும் என்றால், இதை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதோ, வைத்திருப்பவரைக் கூப்பிடுவதோ நல்லது. எதை வைத்துப் போட்டாலும் பூச்சைத் தாண்டும் வரை தட்டலை நிறுத்திச் சுழற்சி மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் பூச்சு கான்கிரீட்டை விட்டுப் பிரிந்து, தட்டினால் டொக்கென்று கேட்கும். டைல்ஸ் ஒட்டிய சமையலறை, குளியலறை ஜன்னல்களுக்கு இது இன்னும் கட்டாயம்.

துளைக்குள் போகிற பிளக்குக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. முன்பெல்லாம் தச்சர் உளியால் சுவரைக் கொத்தி, மரக்கட்டையை இறுக அடித்து, அதில் திருகாணியை முடுக்குவார். கட்டை சுருங்கினால் எல்லாம் கழன்று வரும். 1911வாக்கில் இங்கிலாந்தில் ஜான் ராலிங்ஸ் என்பவர், சணல் நாரைப் பிசினால் குழாயாக உருட்டி ஒரு பிளக் செய்தார். நாம் இன்றும் எல்லா பிளக்கையும் ராவல் பிளக் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் கொண்டுவந்தார். திருகாணி உள்ளே போகப்போக நைலான் விரிந்து துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கும். பிடிப்பு முழுவதும் இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. எனவே துளை பெரிதானாலோ, உள்ளே தூள் தங்கியிருந்தாலோ பிடிப்பு போச்சு.

நம் வீடுகளில் திரைச்சீலைக் கம்பி கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் லிண்டல் காரணமல்ல, பூச்சுதான் காரணம். 6 மி.மீ. பிளக்கின் நீளம் 30 மி.மீ., 8 மி.மீ. பிளக்குக்கு 40. சுவர் மட்டத்துக்கும் லிண்டல் மட்டத்துக்கும் வித்தியாசம் வந்துவிட்டால் கொத்தனார் அதைப் பூச்சில் சரிக்கட்டிவிடுவார். ஆகவே லிண்டல்மேல் பூச்சு ஓர் அங்குலம்கூட இருக்கலாம். ஓர் அங்குலம் பூச்சு இருக்கும் இடத்தில் 30 மி.மீ. பிளக்கைப் போட்டால், கான்கிரீட்டுக்குள் இருப்பது நுனி மட்டும். கான்கிரீட் கெட்டி என்று பாதித் துளையோடு நிறுத்திவிட்டு, பிளக்கின் வாலை பிளேடால் சீவிவிடும் ஆட்களும் உண்டு. அன்றைக்கு நன்றாகத்தான் நிற்கும். ஒருநாள் குழந்தை சீலையைப் பிடித்து இழுக்கும்போது கணக்கு தெரியும்.

பிராக்கெட்டின் நெம்புதலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடுக்குத் திரைக்கான பிராக்கெட் சுவரைவிட்டு 10 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரண்டு திருகாணிகளுக்கு நடுவே 5 செ.மீ. இருந்தால், முனையில் தொங்கும் 5 கிலோ, மேல் திருகாணியை 10 கிலோ பலத்தோடு வெளியே இழுக்கும். திருகாணிகள் நெருங்கி இருக்கும் சின்னப் பிராக்கெட் பார்க்க அழகு, பிடிப்புக்கு மோசம்.

சிக்கலை முற்றிலும் தவிர்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: மேலே போவது. லிண்டலின் அடி 7 அடியில் என்றால் அதன் தலை ஏழரை அடியில் முடிந்துவிடுகிறது. 10 அடி உயர அறையில், ஒன்றரை அடிப் பீமின் அடிப்பாகம் ஏறக்குறைய 9 அடிக்கு வரும். நடுவே இருப்பது செங்கல். திரைக்கம்பியை 8 அடியில் மாட்டினால் சாதாரண டிரில்லே போதும், லிண்டலும் பிழைத்தது, பீமும் பிழைத்தது. ஜன்னலும் உயரமாகத் தெரியும் என்று உள்அலங்காரக்காரர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். சீலைக்குத் துணி ஓர் அடி கூடும், அவ்வளவுதான். உயரம் கூட்ட மனமில்லாதவர்கள் ஜன்னலின் இரு பக்கமும் எட்டு ஒன்பது அங்குலம் தள்ளிப் போனாலும் செங்கல் கிடைக்கும், லிண்டல் சுற்றி ஓடாத வீடாக இருந்தால்.

இந்த யோசனை செங்கலுக்குத்தான். ஏ.ஏ.சி. பிளாக்கிலோ ஹாலோ பிளாக்கிலோ கட்டிய புது அடுக்குமாடிகளில் கதை தலைகீழ். ஏ.ஏ.சி. மெத்தென்றது, சாதாரண பிளக் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹாலோ பிளாக்கில் பிட்டு பொத்தென்று பொந்துக்குள் விழும். அந்த வீடுகளில் ஜன்னலைச் சுற்றி நம்பக்கூடிய ஒரே பொருள் லிண்டல்தான். அங்கே லிண்டலைத் தேடிப் போய்த் துளை போட வேண்டும்! அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் சுவர், தளம் எல்லாவற்றையும் ஒரே கான்கிரீட்டாக வார்க்கும் மைவான் வகை வீடுகளில் தனியாக லிண்டல் என்று ஒன்றே கிடையாது. எங்கே போட்டாலும் கான்கிரீட், எங்கும் கம்பி வலை. சிறு துளை பரவாயில்லை, உளி வைத்துக் கொத்துவது கூடாது. கட்டுநர் கொடுக்கும் கையேட்டிலும் அதை எழுதியிருப்பார்கள். வீடு வாங்குவோருக்கான ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநரே செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நாமே கொத்தி வைத்திருந்தால் அவருக்கு நல்ல சாக்கு.

லிண்டலின் அடிமுகம் வேறு விஷயம். ஜன்னல் குழிக்குள் அடங்கும் பிளைண்ட்ஸ் மாட்ட மேல்நோக்கித் துளை போடுவார்கள். முக்கியக் கம்பிகள் ஓடுவது அங்கேதான். 9 அங்குல அகலத்தில் மூன்று கம்பி என்றால் நடுக்கம்பி சரியாக மத்தியில் இருக்கும், ஆட்களும் சரியாக மத்தியில்தான் துளை போடுவார்கள். மத்தியிலிருந்து இரண்டு அங்குலம் விலகி, 6 மி.மீ. பிளக்கோடு முடித்துக்கொள்வது நல்லது. பிளைண்ட்ஸ் கனமில்லாதது, அதற்கு இது தாராளம். யு.பி.வி.சி. ஜன்னலின் சட்டத்திலேயே திருகாணி போட்டுவிடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். வேண்டாம். மழைத் தண்ணீரை வெளியேற்ற அந்தச் சட்டத்துக்குள் அறைகள் இருக்கின்றன, உத்தரவாதமும் போய்விடும். பழைய தேக்கு ஜன்னல்களுக்குத் தடையே இல்லை. ஸ்பிரிங் கம்பியின் இரு முனையிலும் கொக்கி முடுக்கித் திரை தொங்கவிட்ட காலத்தில் லிண்டலை யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இனி, பயப்பட வேண்டிய இடங்கள்.

முதலாவது சன்ஷேட். லிண்டலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகைக்கு ஒருபக்கம்தான் பிடி. அதனால் அதன் மேல்பக்கம் இழுபடுகிறது, அதன் முக்கியக் கம்பியும் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. சுவரை ஒட்டிய வேர்ப்பகுதியில் இழுவை உச்சம். ஏ.சி.யின் வெளி யூனிட்டைச் சன்ஷேட்மேல் வைத்து, காலுக்கு நான்கு போல்ட் இறக்குகிறபோது, எந்த இடம் மிகவும் இழுபடுகிறதோ அங்கேயே துளை விழுகிறது. சன்ஷேட்டின் கனமோ மூன்று நான்கு அங்குலம்தான். கம்பிகளும் மெல்லியவை, பெரும்பாலும் 8 மி.மீ. கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அவை கீழே இறங்கியிருந்தால் பலகை ஏற்கெனவே பலவீனம். அதன்மேல் 30, 40 கிலோ யூனிட், சர்வீஸ் செய்ய ஏறும் ஆளின் எடை, போல்ட் துளை வழியே ஒவ்வொரு மழைக்கும் இறங்கும் தண்ணீர். யூனிட்டுக்கு இரும்பு ஸ்டாண்ட் அடித்துச் சுவரிலோ பீமிலோ மாட்டுவதுதான் முறை. செலவு கொஞ்சம் கூடும்.

லாஃப்டும் இதே வகை. லிண்டல் மட்டத்தில் ஓடும் அந்தப் பரணின் கனம் பல வீடுகளில் மூன்று அங்குலம்தான். அடியிலிருந்து இரண்டு அங்குலம் துளைத்தால் மேலே தட்டாகப் பெயர்ந்துவிடக் கூடும்.

இரண்டாவது, குடைவதும் கொத்துவதும். ஏ.சி.யின் செப்புக் குழாய்க்கு இரண்டரை அங்குலத் துளை வேண்டும், புகைபோக்கிக்கு ஆறு அங்குலம். இதற்கு வரும் கோர் கட்டிங் மிஷினின் வைர முனைக்குக் கான்கிரீட்டும் கம்பியும் ஒன்றுதான். திரைச்சீலைத் துளையில் தப்பித்த கம்பி இங்கே இரண்டு துண்டாகும், வெளியே வரும் உருளையில் அதன் வெட்டுமுகம் பளபளக்கும். குழாய் எங்கே வெளியேற வேண்டும் என்பதை ஆள் வருவதற்கு முன்பே பென்சிலால் குறித்துவைத்துவிட வேண்டும், லிண்டலுக்கு மேலே, பீமுக்குக் கீழே. மின்பைப் போகும் இடத்தையும் முன்பே யோசித்துவிட வேண்டும். கூரையிலிருந்து சுவிட்ச் பெட்டிக்கு இறங்கும் பைப் செங்கலில் ஆழமாகப் புதைந்திருக்கும். லிண்டலைக் கடக்கும் இடத்தில் கொத்த முடியாமல் மேலோட்டமாக, பூச்சுக்குச் சற்றுக் கீழேயே கிடக்கும். ஆகவே ஜன்னல் பக்கத்தில் சுவிட்ச் பெட்டி இருந்தால் அதற்கு நேர் மேலே துளை கூடாது, ஒரு முழம் தள்ளிப் போக வேண்டும். மெயினை அணைத்துவிட்டு பேட்டரி டிரில்லில் வேலை செய்வது இன்னும் நிம்மதி.

மூன்றாவது, ஏற்கெனவே நோய்ப்பட்ட லிண்டல். கடலோர ஊர்களில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போல் பல மடங்கு இடத்தை அடைக்கும். அடைத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். லிண்டலின் அடியில் நீளவாக்கில் ஒரு கோடுபோல் வெடிப்பு, பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளல் சத்தம் என்றால் அங்கே டிரில்லுக்கு வேலை இல்லை. பழுதுபார்ப்பவருக்குத்தான் வேலை.

நான்காவது, கம்பியே இல்லாத பழைய லிண்டல்கள். என்னைக் கேட்டால் இரண்டு கட்சிகளுமே மறந்துபோவது இவற்றைத்தான். தென்மாவட்டப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் கருங்கல் பலகை இருக்கும். கல்லுக்கும் கான்கிரீட் போலவே இழுவை ஆகாது, உதவிக்குக் கம்பியும் கிடையாது. அதன் அடிப்பக்கத்து நடுப்பகுதிதான் மிகவும் இழுபடும் இடம். அங்கே தட்டித் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் நாளடைவில் நீளலாம். கோயில் மண்டபங்களில் நடுவில் விரிசல் விட்டு, அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்திய உத்திரக்கற்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய வளைவு லிண்டல்களில், சுண்ணாம்புக் காரையின் பிடியும் கற்களின் நெருக்கமும்தான் எல்லாம். நடுக்கல்லை அசைத்துவிட்டால் மற்றவையும் தளரும். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய சிக்கன லிண்டலில், குத்துச் செங்கற்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கம்பியோடு கொஞ்சம் கான்கிரீட் ஓடும். அந்தக் கான்கிரீட் சுவர் முகத்தில் தெரியாது, தூள் சிவப்பாகவே வரும். இத்தகைய வீடுகளில் எல்லாம் மரச் சட்டத்தில் மாட்டிக்கொள்வது, அல்லது ஜன்னலுக்கு இரு புறமும் தள்ளிச் சுவரில் பிடித்த நீளமான மரப்பட்டியில் பிராக்கெட்டை வைப்பது பொருத்தம். மரமே லிண்டலாக உள்ள செட்டிநாட்டு வீடுகளில் திருகாணி நேரே ஏறும். முதலில் மெல்லிய பிட்டால் வழி போட்டால் மரம் பிளக்காது.

யூடியூபில் கிடைக்கும் ஆலோசனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ எடுத்தவை. பிரிட்டிஷ் வீடுகளில் லிண்டல் மடித்த எஃகுத் தகடாகவோ, இழுத்துக் கட்டிய கம்பிகளைக் கொண்ட முன்தயாரிப்புக் கான்கிரீட்டாகவோ இருக்கும். பின்னதில் பிட்டு அசையவே மாட்டேன் என்னும். கம்பியில் இழுவிசை ஏற்கெனவே ஏற்றப்பட்டிருப்பதால் அதை வெட்டுவது பெரும் ஆபத்து. அமெரிக்க வீட்டில் அதே இடத்தில் மரம். லண்டனில் இருக்கும் மகளும் அமெரிக்காவில் இருக்கும் மகனும் போனில் சொல்கிற யோசனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது அதனால்தான். இருவர் சொல்வதும் அவரவர் சுவருக்குச் சரி.

கடைசியாகத் தொங்கும் சுமை. தூளி கட்டவும், உடற்பயிற்சிக் கம்பி மாட்டவும் லிண்டலின் அடியில் கொக்கி கேட்கிறவர்கள் உண்டு. திரைச்சீலை சுவரோடு கீழ்நோக்கி இறங்கும் சுமை. தூளியோ துளையிலிருந்து நேராகப் பிடுங்கும் சுமை, அதுவும் ஆடிக்கொண்டே. நைலான் பிளக்கை இதற்கு நம்பவே கூடாது. பிசின் ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் பலமானதுதான். ஆனால் துளையைத் தூளில்லாமல் ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிச் சுத்தம் செய்தால்தான் அந்தப் பலம் கிடைக்கும். பிசினின் வகையும் முக்கியம். 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், பிசின் ஆங்கர்களில் தொங்கிய கான்கிரீட் பலகைகள் விழுந்து காரில் போன ஒரு பெண் இறந்தார். தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொடுக்கும் பிசினைப் பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணை சொன்னது. 2012 டிசம்பரில் ஜப்பானின் சசாகோ சுரங்கத்திலும் இதேபோல் ஆங்கர் விட்டுப்போய் ஒன்பது பேர் இறந்தார்கள். வீட்டுத் தூளிக்கு இவ்வளவு பெரிய உதாரணமா என்று தோன்றலாம். அங்கே பொறியாளர்கள் கணக்குப் போட்டு மாட்டினார்கள், இங்கே நாம் கண்ணளவில் மாட்டுகிறோம். ஊஞ்சலுக்கும் தூளிக்கும் தளம் போடும்போதே கம்பியில் கட்டி விடும் கொக்கிதான் சரி. அது இல்லாத வீட்டில் நிற்கும் தொட்டில் போதும்.

வேலை நடக்கும்போது மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். கான்கிரீட் தூளில் இருப்பது நுண்ணிய சிலிக்கா, நுரையீரலில் போய்த் தங்கும். தலைக்கு மேலே துளைக்கிறபோது அது நேராக முகத்தில்தான் கொட்டும். நாம் வருஷத்துக்கு நாலு துளை போடுகிறோம். பொருத்த வரும் பையன் ஒரு நாளைக்கு எத்தனையோ வீட்டில் போடுகிறான், வாயால் ஊதியே துளையைச் சுத்தம் செய்கிறான். துளைக்குக் கீழே ஒரு காகித உறையைத் திறந்தவாக்கில் டேப் போட்டு ஒட்டினால் தூளில் பாதியாவது அதில் விழும்.

கம்பியில் இடித்துக் கைவிட்ட துளையைச் சும்மா விடக் கூடாது. உள்பக்கம் என்றால் தூளைத் துடைத்து, ஈரப்படுத்தி, சிமெண்ட்டைக் கெட்டியாகக் குழைத்து அடைத்தால் போதும். கம்பி கண்ணில் தெரிந்தாலோ வெளிமுகம் என்றாலோ எபாக்ஸி புட்டி நல்லது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் பிளக்கை அப்படியே விட்டு மேலே புட்டி பூசுவது வழக்கம். பிளக்கில் ஒரு திருகாணியை நாலைந்து சுற்று முடுக்கிக் குறடால் இழுத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். வராமல் முரண்டு பிடித்தால் விட்டுவிடலாம், அடுத்து வருகிறவருக்கும் அதே இடத்தில் திரை வேண்டியிருக்கும்.